வேலியோரம் நின்ற நாலாம் வகுப்பு

தடி எடுக்கிற ரீச்சராகத்தான் நானும் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் என்னைப் பெரிய நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில், கடற்தொழில் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளிக்கூடம் அது. நாலாம் வகுப்பு என்னுடையது. இருபத்து மூன்று பிள்ளைகள். பிள்ளைகளுக்கு அடிக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை அதிபரின் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே, மேசை மூலையில், எங்களுக்கு வேண்டிய தடிகளும் சாத்தியிருந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பது எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை.

முதலாம் தவணை. வாடைக்காற்று ஓயாத நாட்கள். இரண்டாம் பாடம் கணிதம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி வகுத்தல் கணக்கு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம், உடனே அழுகை. திரும்பினால், முன்வரிசைப் பிள்ளை ஒன்று நெற்றியைப் பொத்திக்கொண்டிருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் நிலத்தில் உருளுகிறது. மூன்றாம் வரிசையில் அவள் எழும்பி நின்றுகொண்டிருந்தாள், எறிந்த கை இன்னும் இறங்காமல்.

அவளுக்கு ஒன்பது வயது. மெலிந்த பிள்ளை, இறுக்கமான இரட்டைப் பின்னல். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு இவள் ஏன் இப்படி என்று நான் பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறேன். பென்சில் முறிப்பாள், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கிழிப்பாள், கேட்டால் வாயே திறக்க மாட்டாள்.

நான் கூப்பிட்டேன். வந்தாள். கேட்பதற்கு முன்னமே கையை நீட்டினாள். இரண்டு அடி அடித்தேன். அழவில்லை, கையை இழுக்கவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய், கதிரையில் இருக்காமல் மேசைக்குக் கீழே புகுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள்.

"வெளியில வா" என்றேன்.

"மாட்டன்."

அவ்வளவுதான். இடைவேளை மணி அடித்ததும் அம்பு மாதிரி ஓடினாள். இடைவேளை முடிந்து வந்து கதிரையில் இருந்து, விட்டுப்போன கணக்குகள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்து கொப்பியை என் மேசையில் வைத்தாள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் என் மகள் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டாள். அவளுக்கு ஆறு வயது. கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் நானும் அவளும்தான். குசினி நிலமெல்லாம் சோறும் சொதியும். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. சோறு கொட்டியதற்குப் போடுகிற சத்தமில்லை அது.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் மூச்சுவாங்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டாள்:

"அம்மா, உங்களுக்கு என்னோடயோ கோவம்? இல்லாட்டி வேற ஆரோடயுமோ?"

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அந்த வயதுவரை இப்படியொரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டதில்லை.

"உன்னோட இல்லையம்மா" என்றேன். "இண்டைக்கு வகுப்பில ஒரு பிள்ளைக்கு அடிச்சுப்போட்டன். அதிலயிருந்து எனக்கு அந்தரமாக் கிடக்கு."

"அப்ப அந்தப் பிள்ளையிட்டச் சொறி சொல்லுங்கோவன்." மன்னிப்புக் கேட்பது அவளுக்கு அவ்வளவு சுலபம்.

மறுநாள் காலை பெயர்ப் பதிவு முடிந்ததும், இருபத்து மூன்று பிள்ளைகளும் பார்க்க, நான் போத்தல் எறிந்தவளுடைய மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "நேற்று நான் உனக்கு அடிச்சது பிழை. நீ போத்தல் எறிஞ்சதும் பிழைதான். ஆனா நான் பெரிய ஆள். நான் அடிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கை நொந்தது" என்றாள்.

"இப்ப?"

"இப்ப நோகேல்லை. ஆனா கொதி கிடக்கு."

"ஆரோட?"

"உங்களோட."

எனக்கு முகம் சூடேறியது. மன்னிப்புக் கேட்ட ரீச்சருக்குக் கிடைத்த மரியாதையைப் பார் என்று உள்ளுக்குள் ஒரு குரல். அதை விழுங்கிக்கொண்டு, "சரி, இருக்கட்டும். எனக்கும் என்னோட கொஞ்சம் கொதிதான்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் போத்தலால் அடிபட்ட பிள்ளையிடம் இடைவேளையில் தானாகவே போய் ஏதோ சொன்னாள் என்று பிறகு அறிந்தேன்.

செய்தி ஆசிரியர் அறைக்கு எனக்கு முன்னமே போய்விட்டிருந்தது. எங்களில் மூத்த ரீச்சர், நல்ல மனுசி, என் மகள் பிறந்தபோது பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து தந்தவர், தலையில் கைவைத்தார்.

"பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கிற ரீச்சரை நான் இப்பத்தான் பாக்கிறன். நாளைக்கு உங்கட தலையில ஏறி இருக்குங்கள்."

"இருக்கட்டும் ரீச்சர். என்ர தலைதானே" என்றேன்.

அது திமிராகத்தான் வெளியே வந்தது. நான் திருத்தவில்லை.

அதற்கு முந்திய வருடம் ஒருநாள் பயிற்சிக்கு வவுனியாவுக்குப் போயிருந்தேன். மாங்குளத்தில் பஸ் மாறி, வெயிலில் காய்ந்து போய்ச் சேர்ந்து, பிள்ளைகளின் உணர்வுகள் பற்றி நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, கையில் ஒரு தாளோடு வந்திருந்தேன். தாளில் நாலு வட்ட முகங்கள்: மகிழ்ச்சி, கவலை, கோபம், பயம். காலையில் பிள்ளை தன் முகத்தைத் தொட்டுக்காட்ட வேண்டும். வந்த புதிதில் ஒரு கிழமை செய்து பார்த்தேன். அந்த வருட வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் மகிழ்ச்சியைத் தொட்டார்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளையும் மகிழ்ச்சியைத்தான் தொட்டது. ரீச்சருக்கு எந்த விடை வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தாளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இப்போது அதை வெளியில் எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்தேன். முகம் ஒன்றும் இல்லை, சரி பிழை இல்லை. "இப்ப உடம்புக்குள்ள என்ன நடக்குது? உங்கட வீட்டில கதைக்கிற மாதிரியே சொல்லுங்கோ" என்றேன். முதலில் என்னுடையதைச் சொன்னேன்: "மோட்டச்சைக்கிள் இடையில நிண்டிட்டுது. பிந்திப்போடுவன் எண்டு நெஞ்சு இடிச்சது. இன்னும் இடிக்குது."

மூன்று நாள் யாரும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் ஒரு பிள்ளை, "எனக்குத் தலைக்குள்ள புழுங்குது, அம்மாவும் அப்பாவும் காலமை சண்டை" என்றது. பிறகு நிற்கவேயில்லை. விசர் வருது, அரியண்டமாக் கிடக்கு, நெஞ்சு அடைக்குது, கால் ஒரு இடத்தில நிக்குதில்லை, அழுகை தொண்டையில நிக்குது. என்னுடைய தாளில் நாலு சொற்கள்தான் இருந்தன. இந்தப் பிள்ளைகளிடம் நாற்பது இருந்தன. யாரும் கேட்காததால் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் கிழமை, காற்று பலமாக அடித்த ஒரு காலை, கேட்காமலே சொன்னாள்:

"எனக்கு வயித்துக்க நண்டு ஓடுது."

யாரும் சிரிக்கவில்லை. கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நண்டு எப்படி ஓடும் என்று தெரியும்.

"எப்ப ஓடும்?" என்று கேட்டேன்.

"காலமையில."

அன்று வீட்டுக்குப் போனதும் குழப்படிக் கொப்பியை எடுத்தேன். யார், எப்போது, என்ன குழப்படி செய்தார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பதற்காக நான் எழுதிவைக்கும் கொப்பி அது. அவளுடைய பெயர் இருந்த இடங்களை எல்லாம் பார்த்தேன். முதலாம் பாடம், இரண்டாம் பாடம், முதலாம், முதலாம், இரண்டாம். இடைவேளைக்குப் பிறகு ஒருநாள்கூட இல்லை. இவ்வளவு நாளும் என் கையாலேயே எழுதி வைத்துவிட்டு, ஒருமுறைகூட வாசித்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் இடைவேளை மணி அடித்து அவள் ஓடியபோது நானும் பின்னால் போனேன். அவள் போனது விளையாட்டு மைதானத்துக்கு அல்ல, பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கம்பிவேலிக்கு. அங்கே நின்றால் கரை தெரியும். இழுத்து ஏற்றிய படகுகள் வரிசையாகத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று பார்த்தாள். பார்த்தவுடன் அவளுடைய தோள்கள் இறங்கியதை நான் பின்னாலிருந்தே கண்டேன்.

"ஆரைப் பாக்கிறாய்?"

திடுக்கிட்டாள். பிறகு விரலை நீட்டினாள். "அந்த மஞ்சள் போட். அப்பான்ர."

அன்று வேலியோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முந்திய வருடம் அவளுடைய அப்பாவின் படகு எஞ்சின் பழுதாகி இரண்டு நாள் கடலில் இழுபட்டுப் போயிருக்கிறது. வீடு நிறைய ஆட்கள். அம்மா பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று இவளை மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, எஞ்சின் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் நாள் வேறொரு படகு அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

"வவுனியாவுக்குப் போகேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "வெளியூர் போகேக்க போடுற அப்பான்ர நல்ல சேட் கொடியில கிடந்தது."

அப்பா பின்னேரம் கடலுக்குப் போய்க் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் கரைக்கு வருவார். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கிவிடும். அப்பா வந்தாரா இல்லையா என்று தெரியாமல் அவள் இடைவேளைவரை என் வகுப்பில் வகுத்தல் கணக்குச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கையை நீட்ட வேண்டும்.

பயிற்சியில் படித்ததை நான் முயன்று பார்த்தேன். காலை நிலத்தில் நன்றாக ஊன்றி, மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட்டு, பத்துவரை எண்ணு என்று காட்டிக்கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே உதவியது. அவளும் நாலைந்து தரம் செய்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"மூச்சு விட்டா போட் வந்திடுமோ ரீச்சர்?"

அவள் கேட்டது சரி. சில பயங்களை மூச்சால் தணிக்கலாம். அவளுடைய பயத்துக்குத் தேவைப்பட்டது உண்மை. அப்பா வந்துவிட்டார், அல்லது இன்னும் வரவில்லை. இரண்டில் எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து முதலாம் பாடம் முடிந்ததும் அவளை வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர விட்டேன். போய்வர மூன்று நிமிடம் எடுக்கும். படகு நின்றால் வந்து புத்தகத்தைத் திறப்பாள். நிற்காவிட்டால் இரண்டாம் பாடம் முடியத் திரும்பவும் போவாள்.

ஒரு கிழமைதான். அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், பாட நேரத்தில ஒரு பிள்ளை தனியா வேலிக்கரையில நிக்குது. ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? மற்றது, காலமையில பத்து நிமிசம் என்னவோ கதை நடக்குதாம். அடுத்த வருசம் இதுகளுக்குப் புலமைப்பரிசில் சோதினை. தெரியுந்தானே?"

நான் விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. கூரை ஒழுகினால் தானே ஏறி ஓடு மாற்றுகிற அதிபர். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்கள் எல்லாம் இதுகள் ஒண்டும் இல்லாமல் வளரேல்லையோ?" என்றார்.

"வளர்ந்தனாங்கள் சேர். எப்பிடி வளர்ந்தனாங்கள் எண்டதையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ."

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் நான் அழத் தொடங்கினால் அம்மா என் வாயைப் பொத்துவா. அவவில் பிழையில்லை. அப்போது அழுகை ஆபத்து, பேச்சு ஆபத்து. பயத்தை விழுங்கத் தெரிந்த பிள்ளைதான் நல்ல பிள்ளை. சண்டை முடிந்தது. பங்கர்களை மூடி, மேலே வீடு கட்டி, கத்தரியும் மிளகாயும் நட்டோம். விழுங்குகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. அதை ஒழுக்கம் என்று பெயர் மாற்றிப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். எங்கள் கரையில் இரவில் கத்திக்கொண்டு எழும்பாத பெரியவர்கள் எத்தனை பேர்? மனைவிக்குக் கை நீட்டிவிட்டு, ஏன் நீட்டினேன் என்று தெரியாமல் காலையில் தலைகுனிந்து போகிறவர்கள் எத்தனை பேர்? இவர்களெல்லாம் "இதுகள் ஒண்டும் இல்லாமல் வளர்ந்தவர்கள்"தான். இதை எல்லாம் அன்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"தனியாப் பிள்ளையை அனுப்பக் கூடாது. இது என்ர முடிவு" என்றார்.

"சரி சேர். தனியா அனுப்ப மாட்டன்."

மறுநாள் முதலாம் பாடம் முடிந்ததும் இருபத்து மூன்று பிள்ளைகளையும் வரிசையாக்கி வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றாடல் பாடம். எத்தனை படகு வந்திருக்கிறது, எந்தப் பக்கத்துக் காற்று, கடல் என்ன நிறம். பிள்ளைகள் கம்பியோடு முண்டியடித்துக்கொண்டு நின்று எண்ணினார்கள். அப்போதுதான் இன்னொன்றைக் கண்டேன். அவள் மட்டும் தேடவில்லை. "சித்தப்பான்ர போட் வந்திட்டுது" என்று ஒரு குரல். "எங்கட அண்ணா இன்னும் வரேல்லை" என்று இன்னொன்று. நண்டு ஒரு வயிற்றில் மட்டும் ஓடவில்லை. அவளுடையது வெளியே தெரிந்தது, மற்றவர்களுடையது தெரியவில்லை.

அதிபர் விறாந்தையில் நின்று பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிள்ளைகள் எண்ணி முடிக்கும்வரை நான் அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். பிள்ளை ஒன்றால் ஒரு வகுப்பே குழம்புகிறது என்று அவரிடம் சொல்லியாக வேண்டுமாம். நான் அவளையும் அழைத்துக்கொண்டு அறைக்குள் போனேன். பிள்ளை எதற்கு என்று அதிபர் கேட்டார். "அவவைப் பற்றின கதைதானே சேர்" என்றேன்.

அப்பா கரையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தில் உப்புக் காய்ந்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை. அதிபர் சொல்லி முடித்ததும் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, பயந்து நடுங்கிறியாமே? கடலுக்க போறவன்ர பிள்ளை பயப்பிடலாமோ? மானத்தை வாங்கிறாய்."

அவள் நிலத்தைப் பார்த்தாள். அவளுடைய கை வயிற்றுக்குப் போனது. எனக்குக் கொதி வந்தது. இந்த முறை அது என்ன, யாரோடு என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டேன்:

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். எஞ்சின் பழுதாகி அந்த ரெண்டு நாளும் கடலுக்க கிடந்தீங்கள் என்ன. அப்ப நீங்கள் பயப்பிடேல்லையோ?"

"ரீச்சர்…" என்று அதிபர் குறுக்கே வந்தார்.

"அவர் சொல்லட்டும் சேர்."

அந்த மனிதர் யன்னலைப் பார்த்தார். இந்த மனிதர் வெளியே போய்விடுவார், என் வேலை இன்றோடு சரி என்று நினைத்தேன். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பயந்தனான்தான். தண்ணி முடிஞ்ச பிறகு அழுதும் இருக்கிறன். இப்பவும் ஒவ்வொரு நாளும் எஞ்சினை இழுக்கேக்க பயம்தான். ஆரிட்டச் சொல்லுறது?"

நான் படங்களில் பார்த்த மாதிரி மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவளுடைய முகம் சிவந்தது. இரண்டு எட்டில் போய் அவருடைய கையில் முஷ்டியால் குத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? வவுனியா எண்டு பொய் சொன்னனீங்கள்! எனக்கு எல்லாம் தெரியும்! எல்லாருமாப் பொய் சொன்னனீங்கள்!"

"ஏய், அப்பாவுக்குக் கை ஓங்கிறதோ?" அதிபர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"விடுங்கோ சேர்" என்று அப்பாவே சொன்னார்.

அவள் நிறுத்தினாள். அடி வாங்கிய அன்று அழாத பிள்ளை இப்போது சத்தம் போட்டு அழுதாள். நான் அவளுக்கு முன்னால் குந்தி இருந்தேன். "கொதி வந்தது சரி. கேட்டதும் சரி. குத்தினது சரியில்லை. இனி வாயால சொல்லு" என்றேன். மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "நீங்கள் வந்தவுடன எனக்குச் சொல்ல வேணும்" என்றாள் அப்பாவிடம். "வராட்டி, வரேல்லை எண்டு அம்மா சொல்ல வேணும். பொய் சொல்லக் கூடாது."

"சரி" என்றார் அவர். பிறகு இன்னும் மெதுவாக, "சரியம்மா."

அதன்பிறகு பல காலைகளில் முதலாம் பாட நேரத்தில் பின்வேலிக்கு அப்பால் ஒரு மனிதர் வந்து நிற்பார், தோளில் வலைக்கயிறோடு. கையை ஒருமுறை உயர்த்திவிட்டுப் போய்விடுவார். எங்கள் வகுப்பு யன்னலிலிருந்து அந்த இடம் தெரியும்படி அவளுடைய மேசையை நானே இழுத்துப் போட்டேன். ஒரு மாதத்துக்குள், தங்கள் பிள்ளைகளுக்கு இப்படிக் கைகாட்ட வேலிக்கு வரும் ஆட்கள் நாலு பேரானார்கள். முதலாம் பாடம் முடிய வகுப்போடு வேலிக்குப் போவதையும் நான் நிறுத்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். ஒருநாள் ஒன்பதரையாகியும் அவர் வரவில்லை. படகுமில்லை. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவளுடைய கை போத்தலைப் பிடித்திருந்ததைக் கண்டேன். நான் கரும்பலகையை விட்டு நகரவில்லை. அவள் போத்தலை மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"ரீச்சர், நண்டு ஓடுது. கொதியும் வருது. இங்க இருந்தா எறிஞ்சுபோடுவன். நான் வெளியில நிண்டிட்டு வாறன்."

"போ. உன்னோட ஆரும் வரட்டோ?"

யோசித்தாள். முன்வரிசையைக் காட்டினாள். அன்று அவளிடம் அடிவாங்கிய அதே பிள்ளை. இருவரும் வேப்பமரத்துக்குக் கீழே போய் நின்றார்கள். கதைத்த மாதிரித் தெரியவில்லை. சும்மா நின்றார்கள். பத்தேகாலுக்கு அவளுடைய அம்மா பள்ளிக்கூட வாசல் கேற்றுக்கு வந்து, வலை சிக்கிப் பிந்திவிட்டது, இப்போதுதான் வந்தார், ஆள் சுகம் என்று சொல்லிவிட்டுப் போனா. அம்மா வேறு எதையும் எப்போதும் அதிகம் கதைத்ததில்லை. ஆனால் அன்று வந்தா, உண்மையைச் சொன்னா. ஒன்பது வயதுப் பிள்ளை தன் கோபத்தைத் தானே வெளியில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்ததை நான் அன்று கண்டேன். எத்தனை பெரியவர்களால் அது ஏலும்?

நான் தடியைத் திரும்பத் தொடவில்லை. கத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும். கத்திய பிறகு, எது என்னுடைய கோபம், எது மற்றவருடைய பிழை என்று பிரித்துச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் அது வகுத்தல் கணக்கைவிடக் கஷ்டம்.

பிள்ளைகளின் புள்ளிகள் கூடினவா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்திலும் கேட்டார்கள். நான் அதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டேன். கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் நடக்கும். பிள்ளை பயப்படாமல் தன் பயத்தைச் சொல்வதற்குப் புள்ளிகளிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. கூட்டத்தில் ஒரு தகப்பன், "ரீச்சர் எங்கட பிள்ளையளை அழப்பழக்கிறா" என்றார். "ஓம், பழக்கிறன்" என்றேன். "அழுது முடிச்சிட்டு எழும்பவும் பழக்கிறன். நீங்களும் ஒருநாள் வந்து இருந்து பாருங்கோ." அவர் வரவில்லை. அவருடைய மனைவி வந்தா, இரண்டு முறை.

கடைசியில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யார் முறைப்பாடு செய்தார்கள் என்று நான் தேடவில்லை. பாட நேரத்தை வேறு விடயங்களுக்குப் பயன்படுத்தியமை, மாணவரை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசென்றமை என்று இரண்டு குற்றங்கள், பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம். மூத்த ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடவாது என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்படி சொன்னார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டையும் செய்தேன், தெரிந்துதான் செய்தேன், இன்றும் செய்தேன், நாளையும் செய்வேன் என்று தொடங்கினேன். எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதவில்லை. குழப்படிக் கொப்பியைப் பற்றி எழுதினேன். நான் அடித்ததையும் மறைக்காமல் எழுதினேன். அதற்குத் தண்டனை உண்டென்றால் தாருங்கள், அதற்கு மட்டும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன் என்று முடித்தேன்.

கடிதம் அதிபர் ஊடாகத்தான் போக வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்தார், பிறகு இன்னொரு முறை.

"இந்த 'நாளையும் செய்வேன்' எண்டதை எடுக்கலாமே ரீச்சர்?"

"ஏலாது சேர்."

"எனக்குக் கோவம் வருது, தெரியுமோ?" என்றார். "நான் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனீங்கள். பிள்ளையளுக்கு முன்னால எனக்கு அது மரியாதைக் குறைவாப் போச்சு. அண்டையிலயிருந்து நெஞ்சுக்குள்ள கிடக்கு."

எத்தனையோ வருடங்கள் அவரோடு வேலை செய்திருக்கிறேன். இப்படி ஒரு சொல்லை அவருடைய வாயிலிருந்து கேட்டதில்லை.

"அது உண்மை சேர். மரியாதைக் குறைவாத்தான் செய்தனான். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். கூட்டிக்கொண்டு போனதுக்குக் கேக்க மாட்டன்."

அவர் பேனாவை எடுத்தார். கடிதத்தின் அடியில் தன் குறிப்பை எழுதத் தொடங்கினார். இந்த ஆசிரியை சொல்வழி கேளாதவர் என்று எழுதினார். நிறுத்தினார். பிறகு, வேலியோரத்தில் பிள்ளைகளுக்கு ஆபத்து எதுவும் ஏற்படவில்லை என்பதைத் தான் நேரில் நின்று கண்டதாகவும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"ரெண்டும் உண்மைதானே?" என்றார்.

"ஓம் சேர். ரெண்டும் உண்மை."

கடிதத்தை உறைக்குள் போட்டு அவரே ஒட்டினார். இரண்டாம் பாட மணி அடித்தது. பிள்ளைகள் ஏற்கெனவே விறாந்தையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன்.